கலத்தில் அடங்காத ஆவி

1

‘காஸ்’ என்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் சொல் ஒரு தனிமனிதர் ஆக்கியது. பிரஸ்ஸல்ஸ் நகரத்து மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் 62 ராத்தல் மரக்கரியை எரித்துப் பார்த்தார். மிஞ்சிய சாம்பல் ஒரு ராத்தல்தான். எஞ்சிய 61 ராத்தல் எங்கே போயிற்று என்று யோசித்தவர், அது கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் ஆவியாக வெளியேறியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். எந்தக் கலத்திலும் அடைத்துவைக்க முடியாத, எந்த உருவிலும் பிடித்துக்காட்ட முடியாத அந்தப் பொருளுக்கு முன்பு பெயரில்லை. பெருங்குழப்பத்தைக் குறிக்கும் ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை மனத்தில் வைத்து அவர் ‘காஸ்’ என்று பெயரிட்டார். கரியிலிருந்து கிளம்பியதற்குத் தனியாகக் ‘காட்டு ஆவி’ என்ற பொருள்படும் பெயரும் சூட்டினார். 1644இல் அவர் இறந்தார். அவருடைய எழுத்துகளை மகன் தொகுத்து 1648இல் வெளியிட்டபோதுதான் அந்தச் சொல் ஐரோப்பாவில் பரவியது. நாம் கரியமில வாயு என்று சொல்வது அந்தக் காட்டு ஆவியைத்தான்.

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை அறிய வான் ஹெல்மான்டின் புத்தகம் தேவைப்படவில்லை. ஆங்கிலச் சுரங்கத் தொழிலாளர்கள் பூமிக்கடியில் சந்தித்த வாயுக்களை எல்லாம் ‘டாம்ப்’ என்றார்கள். ஆவி என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லின் வழிவந்தது அது. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று ‘ஃபயர்டாம்ப்’, நெருப்பாவி. விளக்கை அண்டினால் சுடரின் தலையில் நீலமான குல்லாய் ஒன்று தோன்றும். அளவு மீறினால் சுரங்கமே வெடிக்கும். மற்றது ‘பிளாக்டாம்ப்’, கருப்பாவி. அது வரும் இடத்தில் சுடர் மங்கி அவியும். நின்றுகொண்டே இருந்தால் மனிதனும் அப்படியே அவிந்துபோவான். நெருப்பாவி பெரும்பாலும் மீத்தேன். கருப்பாவி, கரியமில வாயுவும் நைட்ரஜனும் கலந்த, உயிர்க்காற்று இல்லாத காற்று. முன்னது இலேசானது, சுரங்கத்தின் கூரையை ஒட்டி நிற்கும். பின்னதில் கரியமில வாயு மிகுந்தால் கனத்துத் தரையில் தங்கும். மேலே ஒரு சாவு, கீழே ஒரு சாவு, இடையில் குனிந்து கரிவெட்டும் மனிதன்.

தமிழில் ஆவி என்ற சொல் நீராவியையும் குறிக்கும், உயிரையும் குறிக்கும், இறந்தபின் அலைவதையும் குறிக்கும். சதுப்பு நிலத்தில் இரவில் தெரியும் வெளிச்சத்துக்குக் கொள்ளிவாய்ப் பேய் என்று பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். சுரங்கத் தொழிலாளர்களின் அனுபவத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழிகளில் கிடைக்குமா என்பது சந்தேகமே.

கடந்த நாற்பதாண்டுகளுக்குள் எழுந்த ஒரு யோசனையை இந்தப் பழைய சொற்களில் சொன்னால் விநோதமாக இருக்கும். நிலக்கரி அடுக்குகளில் தங்கியிருக்கும் நெருப்பாவியை வெளியே எடுத்து எரிபொருளாக்குவது. நாம் எரித்துக் காற்றில் விட்ட காட்டு ஆவியை அதே அடுக்குக்குள் இறக்கிப் பூட்டிவைப்பது. சுரங்கத் தொழிலாளியின் இரண்டு எதிரிகளையும் இடம் மாற்றி வைத்தால் நமக்கு எரிபொருளும் கிடைக்கும், பூமியின் சூடும் குறையும் என்பது கணக்கு. இந்தக் கணக்கு எப்படி உருவாயிற்று, எங்கே இடறியது, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

2

நிலக்கரியிலிருந்து வாயுவைத் தனியே பிரித்து வெளியேற்றுவது புதிதல்ல. சீன அறிஞர் ஸோங் யிங்ஷிங் 1637இல் வெளியிட்ட ‘தியான்கோங் கைவூ’ என்ற தொழில்நுட்பக் களஞ்சியத்தில், பெரிய மூங்கிலின் உட்கணுக்களைக் குடைந்து, கூராக்கிய நுனியை நிலக்கரிக்குள் செருகி, நச்சாவியை மேலே போகவிட்டபின் தொழிலாளர்கள் கரிவெட்டும் முறை சொல்லப்படுகிறது. தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காக எழுந்த உத்தி அது. வாயுவால் வேறு பயன் உண்டு என்ற எண்ணம் அங்கே இல்லை.

அந்த எண்ணம் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், வைட்ஹேவன் துறைமுகத்தில், 18ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அங்கே சுரங்க மேலாளராக இருந்த கார்லைல் ஸ்பெடிங், கடலுக்கடியில் நீண்ட சுரங்கத்திலிருந்து கிளம்பிய நெருப்பாவியைக் குழாய் வழியே மேலே கொண்டுவந்து எரியவிட்டார். அதைக்கொண்டு ஊரின் தெருக்களுக்கு விளக்கேற்றித் தரவும் முன்வந்தார். ஊர்ப் பெரியவர்கள் ஒப்பவில்லை. மனிதர்களைக் கொல்லும் ஒன்றைத் தெருவுக்குக் கொண்டுவர அவர்கள் தயங்கியிருக்கலாம். நிலக்கரி வாயு லண்டன் தெருக்களில் எரிவதற்கு அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1755இல் ஸ்பெடிங் சுரங்கத்தினுள் நிகழ்ந்த நெருப்பாவி வெடிப்பில் இறந்தார். அந்த ஆவியை முதலில் பயனுள்ள பொருளாகப் பார்த்தவரை அந்த ஆவியே கொண்டுபோயிற்று.

1812 மே 25 அன்று, நியூகாஸிலுக்கு அருகில் ஃபெல்லிங் சுரங்கம் வெடித்தது. சிறுவர்கள் உட்பட 92 பேர் இறந்தார்கள். உள்ளே எரிந்துகொண்டிருந்த தீயை அணைக்கக் காற்றைத் தடுப்பது தவிர வழியில்லை என்று கருதிச் சுரங்கவாயை அடைத்தார்கள். உள்ளே யாராவது உயிருடன் இருந்தால் என்ன ஆவது என்று உறவினர்கள் வாயிலில் நின்று கதறினார்கள். வாரக்கணக்கில் கழித்தே சுரங்கம் திறக்கப்பட்டு உடல்கள் எடுக்கப்பட்டன. சுரங்க முதலாளிகளின் மனம் கோணாதிருக்க இத்தகைய செய்திகளை விரிவாக அச்சிடுவதைப் பத்திரிகைகள் தவிர்த்த காலம் அது. ஊரின் பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன், இறந்தவர்களின் பெயர்களோடு விபத்தை விவரித்து நூலாக வெளியிட்டார். அதனால் எழுந்த கவலையின் தொடர்ச்சியாகவே வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியை அணுகினார்கள்.

டேவி 1815இல் சுரங்கவாயுவை ஆராய்ந்தார். 1776இல் வோல்டா மஜோரே ஏரியின் சதுப்பில் கிளறிச் சேகரித்த எரிவாயுவும் இதுவும் ஒன்றே; கொள்ளிவாய்ப் பேயும் நெருப்பாவியும் ஒரே குடும்பம். நுண்ணிய கம்பி வலையால் சுடரைச் சூழ்ந்தால், வலை வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் தீ வெளியே தாவாது என்று கண்டு தம் விளக்கை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை பெற மறுத்தார். கிளானி என்ற மருத்துவரும், பின்னாளில் ரயில் எஞ்சினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்சனும் அதே காலத்தில் பாதுகாப்பு விளக்குகளைச் செய்திருந்தார்கள்.

இனி வெடிப்புகள் குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். 1835இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கணக்கெடுத்தது. டர்ஹாம், நார்தம்பர்லாந்து ஆகிய இரு மாவட்டங்களில் விளக்கு வருவதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் இறந்தோர் 447. விளக்கு வந்தபின் 18 ஆண்டுகளில் 538. காரணம் எளியது. நெருப்பாவிக்கு அஞ்சிக் கைவிட்டிருந்த ஆழமான அடுக்குகளுக்கு இப்போது ஆட்களை இறக்க முடிந்தது. விளக்கு தந்த பாதுகாப்பு தொழிலாளிக்குச் சென்று சேருமுன் நிலக்கரியாக மாறிவிட்டது.

இந்த வரலாறு நெடுகிலும் இப்படி ஒன்று திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காண்கிறோம். ஆபத்தைத் தணிக்க ஒரு கருவி வருகிறது. கருவி தணித்த ஆபத்தின் இடத்தை அடுத்த பேராசை வந்து நிரப்பிவிடுகிறது.

3

நிலக்கரிக்குள் வாயு எப்படித் தங்குகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பலரும் நினைப்பதுபோல அது குகையில் அடைபட்ட காற்றல்ல. நிலக்கரி நுண்துளைகளால் ஆனது. ஒரு கிராம் நிலக்கரியின் உட்பரப்பை விரித்தால் பல பத்துச் சதுர மீட்டர் இருக்கும், சிலவகைகளில் அதற்கு மேலும் உண்டு. அந்தப் பரப்பின்மேல் மீத்தேன் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேதியியல் பாடநூல்கள் இதைப் பரப்புக் கவர்ச்சி என்கின்றன. ஒட்டியிருப்பதை அங்கேயே நிறுத்தி வைப்பது அழுத்தம். பெரும்பாலான அடுக்குகளில் அந்த அழுத்தத்தைத் தருவது விரிசல்களில் நிறைந்திருக்கும் நீர். ஆகவே மீத்தேனை எடுக்க முதலில் நீரை இறைக்க வேண்டும். அழுத்தம் குறையக் குறைய மூலக்கூறுகள் விடுபட்டு விரிசல்களின் வழியே கிணற்றை நோக்கி வரும். தொடக்க மாதங்களில் கிணற்றிலிருந்து வருவது பெரும்பாலும் நீர்தான். வாயு பிறகே பெருகும்.

அமெரிக்காவில் இது தொழிலாக மாறியதற்கும் முதற்காரணம் சாவுதான். 1968 நவம்பர் 20 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டனில் நிகழ்ந்த சுரங்க வெடிப்பில் 78 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. கரிவெட்டுவதற்கு முன்பே கிணறு தோண்டி வாயுவை வெளியேற்றும் முறையைச் சுரங்கத்துறை சோதித்தது. அலபாமாவின் பிளாக் வாரியர் படுகையில் 1970களில் அது வெற்றிகண்டது. வெளியேற்றிய வாயுவை வீணாக்குவானேன் என்ற கேள்வி அடுத்து எழுந்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1980இல் வந்த சட்டம் இத்தகைய வாயுவுக்கு வரிச்சலுகை அளித்தது. அதன்பின் சுரங்கமே இல்லாத இடங்களிலும் கிணறுகள் முளைத்தன. 2008ஆம் ஆண்டளவில் அமெரிக்க இயற்கை எரிவாயு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்கு அருகே நிலக்கரி அடுக்குகளிலிருந்து வந்தது. பின்னர் பாறைவாயுவின் பெருக்கத்தில் அது சரிந்தது.

இந்த வளத்தின் பெரும்பகுதி கொலராடோ, நியூ மெக்சிகோ எல்லையில் உள்ள சான் ஹுவான் படுகையிலிருந்து வந்தது. அங்கேதான் இந்த வாயு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கும் எழுந்தது. இலக்கியத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் அவசியம் அறிய வேண்டிய வழக்கு அது. ஏனெனில் அது ஒரே ஒரு சொல்லைப் பற்றியது.

1909, 1910ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி அமெரிக்க அரசு மேற்குப் பகுதி நிலங்களைக் குடியேறிகளுக்கு வழங்கியபோது, அடியிலுள்ள ‘நிலக்கரியை’ மட்டும் தனக்கென ஒதுக்கிக்கொண்டது. தென் யூட் என்ற தொல்குடியினரிடமிருந்து முன்பு பெறப்பட்ட நிலங்களும் அவற்றில் அடக்கம். 1938இல் அரசு தன் கையில் எஞ்சியிருந்த உரிமைகளை யூட் மக்களுக்கே திருப்பித் தந்தது. அப்படி அந்நிலங்களின் அடியிலுள்ள நிலக்கரி அவர்களுடையதாயிற்று. மேலே உழுதவர் ஒருவர், கீழே உரிமையாளர் வேறொருவர். 1980களில் மீத்தேன் கிணறுகள் பெருகி, குடியேறிகளின் வாரிசுகளுக்கும் எரிவாயு நிறுவனங்களுக்கும் பணம் சேரத் தொடங்கியது. நிலக்கரி எங்களுடையது என்றால் அதில் ஒட்டியிருக்கும் வாயுவும் எங்களுடையதுதானே என்று யூட் மக்கள் 1991இல் வழக்குத் தொடுத்தார்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 1999 ஜூன் 7 அன்று அதை மாற்றியது. ஏழு நீதிபதிகள் ஒருபுறம், மறுபுறம் ரூத் பேடர் கின்ஸ்பர்க் ஒருவர் மட்டும். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய அந்தோணி கென்னடி, நூற்றாண்டின் தொடக்கத்து அகராதிகளைப் புரட்டினார். அக்காலத்து மக்கள் நிலக்கரி என்றால் எரியக்கூடிய திடமான கல்லையே எண்ணினார்கள். வாயுவை அதன் அங்கமாக எண்ணவில்லை, சுரங்கத்தைவிட்டு வெளியேற்ற வேண்டிய ஆபத்தாகவே எண்ணினார்கள். ஆகவே நிலக்கரியை ஒதுக்கிய சட்டம் வாயுவை ஒதுக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

தர்க்கத்தில் பிழை காண்பது எளிதல்ல. ஆனால் அதன் உள்ளடக்கத்தைச் சற்று நின்று பார்க்கலாம். ஃபெல்லிங்கிலும் ஃபார்மிங்டனிலும் மாண்டவர்கள் அந்த வாயுவுக்குத் தந்த அடையாளம் ஆபத்து என்பது. அந்த அடையாளமே பின்னாளில் ஒரு தொல்குடியின் உரிமையை முடிவுசெய்யும் ஆதாரமாயிற்று. தென் யூட் மக்கள் சோர்ந்துவிடவில்லை. மறுப்புக்கு இடமில்லாத தம் நிலங்களில் சொந்த எரிவாயு நிறுவனம் நடத்தி வளம் பெற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் ஒரு பொருளுக்கு வைத்த பெயர் யார் வீட்டில் அடுப்பெரியும் என்பதைத் தீர்மானித்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

4

அதே சான் ஹுவான் படுகையில்தான் இரண்டாவது ஆவியும் அரங்கேறியது.

நிலக்கரியின் பரப்பு மீத்தேனைவிடக் கரியமில வாயுவை அதிகம் விரும்புகிறது. முதிர்ந்த நிலக்கரியில் ஒரு மீத்தேன் மூலக்கூறு விட்ட இடத்தில் ஏறக்குறைய இரண்டு கரியமில மூலக்கூறுகள் அமரும். பழுப்பு நிலக்கரி போன்ற இளங்கரியில் இன்னும் அதிகம். ஒரு மீத்தேன் மூலக்கூறை எரித்தால் உண்டாவதோ ஒரே ஒரு கரியமில மூலக்கூறு. ஒன்றை எடுத்து இரண்டை வைக்கலாம். வெட்டி எடுக்க முடியாத ஆழத்தில் உள்ள அடுக்குகளில் கரியமில வாயுவைச் செலுத்தினால், அது மீத்தேனைத் தள்ளி வெளியேற்றிவிட்டுத் தான் அங்கே குடியேறும். காகிதத்தில் இவ்வளவு அழகான கணக்கு எரிபொருள் வரலாற்றில் அதிகம் இல்லை.

1995 ஏப்ரலில் நியூ மெக்சிகோவின் ‘அலிசன்’ களத்தில் பர்லிங்டன் என்ற நிறுவனம் நான்கு கிணறுகளின் வழியே கரியமில வாயுவைச் செலுத்தத் தொடங்கியது. 2001 வரை நீடித்த இந்தச் சோதனையில் லட்சக்கணக்கான டன் உள்ளே சென்றது. மீத்தேன் உற்பத்தி கூடியது. நிலக்கரி கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் என்பது கள அளவில் உறுதியாயிற்று. ஒரு முரண் மட்டும் உண்டு. செலுத்திய வாயு எந்தப் புகைபோக்கியிலிருந்தும் பிடித்ததல்ல. தென்மேற்குக் கொலராடோவின் மக்கெல்மோ என்ற இடத்தில் பூமிக்கடியில் இயற்கையாகவே யுகயுகமாக அடைபட்டிருந்த கரியமில வாயுவைத் தோண்டி எடுத்து, டெக்சாஸ் எண்ணெய் வயல்களுக்கு அனுப்பும் பெருங்குழாயிலிருந்து கிளை பிரித்துக் கொண்டுவந்தார்கள். ஒரு பூட்டைத் திறந்து எடுத்ததை இன்னொரு பூட்டுக்குள் வைத்தார்கள்.

ஆனால் நாளாக ஆகக் கிணறுகள் வாயுவை ஏற்கத் தயங்கின. காரணம் நிலக்கரியின் இயல்பிலேயே இருந்தது. கரியமில வாயுவை உட்கொண்ட நிலக்கரி உப்புகிறது. உப்பும்போது அதன் நுண்விரிசல்கள் நெருங்கி மூடிக்கொள்கின்றன. வாயு உள்ளே செல்ல இருந்த வழியே அடைபடுகிறது. எவ்வளவு விரும்பி ஏற்கிறதோ அவ்வளவு விரைவாகக் கதவையும் சாத்திக்கொள்கிறது. அன்றைய விலைகளில் திட்டம் கட்டுப்படியாகாது என்பதும் ஆய்வில் தெரிந்தது.

போலந்தில் சைலீசியப் படுகையின் கனியூவ் என்ற ஊரில் ஐரோப்பிய ஆய்வுக்குழு இதே முயற்சியை மேற்கொண்டது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் மொத்தம் 760 டன் அளவே செலுத்த முடிந்தது. அதற்கும் நீரழுத்தத்தால் அடுக்கைப் பிளந்து வழி செய்ய வேண்டியிருந்தது. ஒரு பெரிய அனல்மின் நிலையம் ஓரிரு மணிநேரத்தில் வெளியிடும் அளவு அது.

ஜப்பானில் இச்சோதனை நடந்த இடம் ஹொக்கைடோ தீவின் யூபாரி. அந்த ஊரின் பெயரை அந்நாட்டவர் எளிதில் மறக்கமாட்டார்கள். 1981 அக்டோபர் 16 அன்று அங்கே ஒரு சுரங்கத்தில் நிலக்கரியோடு சேர்ந்து வாயு பீறிட்டு வெடித்து, தீ மூண்டது. தீ அடங்காத நிலையில், இன்னும் பலர் உள்ளே காணாமற்போயிருக்கையில், சுரங்கத்துக்குள் ஆற்றுநீரைப் பாய்ச்ச முடிவாயிற்று. அந்தக் குடும்பங்களிடம் சம்மதம் கேட்கப்பட்டது. அப்படி ஒரு கேள்வியைக் கேட்கவும் அதற்குப் பதில் சொல்லவும் மனிதர்கள் எந்தச் சொற்களைத் தேடியிருப்பார்கள் என்பதை எண்ணிப்பார்க்கவே முடியவில்லை. மொத்தம் 93 பேர் இறந்தார்கள். ஃபெல்லிங்கில் வாயை அடைத்ததற்கும் யூபாரியில் நீரைப் பாய்ச்சியதற்கும் இடையே 169 ஆண்டுகள். 1985இல் அவ்வூரின் மற்றொரு சுரங்கத்தில் மேலும் 62 பேர் இறந்தார்கள். 1990க்குள் யூபாரியின் சுரங்கங்கள் யாவும் மூடப்பட்டன. ஊர் காலியாகி, 2007இல் அந்த நகராட்சி கடனில் மூழ்கி மத்திய அரசின் கண்காணிப்பின்கீழ் சென்றது.

அந்த யூபாரியின் அடியில்தான் 2004 முதல் 2007 வரை கரியமில வாயு செலுத்தப்பட்டது. மொத்தம் ஏறக்குறைய 880 டன். அங்கும் நிலக்கரி உப்பி வழிமறித்தது. நைட்ரஜனைச் செலுத்தி விரிசல்களைத் திறக்க முயன்றார்கள். சிறிது காலம் திறந்தன. மீண்டும் கரியமில வாயு செல்ல, மீண்டும் மூடிக்கொண்டன.

கலத்தில் அடங்காதது என்றுதான் வான் ஹெல்மான்ட் இந்த ஆவியைப் பற்றிச் சொன்னார். ஒரு கலம் இருக்கிறது என்று நாம் கண்டுபிடித்தோம். அந்தக் கலம் ஜடமாக இராது என்பதை மட்டும் எதிர்பார்க்கவில்லை.

5

நம் நாட்டில் நிலக்கரித் தொழில் தொடங்கியது வங்காளத்தின் ராணிகஞ்சில், 1774இல். தாகூரின் பாட்டனார் துவாரகநாத் தாகூர் 1836இல் அங்கே சுரங்கம் வாங்கினார். அதே ராணிகஞ்ச் வயலில் 1958 பிப்ரவரி 19 அன்று, நாட்டின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றான சினாகுரி நெருப்பாவியால் வெடித்து 170க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டு கல்கத்தாவின் மினர்வா அரங்கில் உத்பல் தத் ‘அங்கார்’ நாடகத்தை மேடையேற்றினார். அது அந்த வட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியது. சுரங்கத்தில் சிக்கியவர்களை நோக்கி நீர் மெல்ல ஏறிவருவதை ஒளியால் மட்டுமே காட்டிய தாபஸ் சென்னின் திறமை இன்றும் வங்காளத்தில் பேசப்படுகிறது. நாட்டிலேயே முதன்முதலாக நிலக்கரி அடுக்கு மீத்தேன் வணிக முறையில் எடுக்கப்பட்டதும் ராணிகஞ்ச் வயலிலேதான், 2007இல்.

நம்மிடமும் சொல் பற்றிய சிக்கல் எழாமலில்லை. நிலக்கரி ஓர் அமைச்சகத்தின் கீழ், எரிவாயு இன்னோர் அமைச்சகத்தின் கீழ். நிலக்கரியில் ஒட்டிய வாயு யாருடையது? 1997இல் இரு அமைச்சகங்களும் உடன்பாடு கண்டு கொள்கை வகுத்த பின்னரே ஏலங்கள் தொடங்கின. யூட் மக்களைப்போல நிலத்தின் மேலிருப்பவர் இங்கே வழக்குத் தொடுக்கவும் இடமில்லை. உழுபவருக்கு மேல்மண், அரசுக்கு அடிமண் என்பது ஏற்கெனவே முடிவான சங்கதி.

அந்த ஏலங்களில் ஒன்று காவிரிப் படுகைக்கு வந்தது. 2010இல் மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. அடியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. ஊர்க்காரர்களுக்கு இதன் பொருள் மெதுவாகவே விளங்கியது. விளங்கியபோது அவர்கள் முதலில் கேட்ட கேள்வி வாயுவைப் பற்றியதல்ல, நீரைப் பற்றியது. மீத்தேன் வருமுன் நீரை இறைக்க வேண்டும் என்றால், எந்த நீரை, எவ்வளவு ஆழத்து நீரை, எத்தனை ஆண்டுகள்? இறைத்த உப்புநீர் எந்த வாய்க்காலில் போய்ச் சேரும்? மேட்டூர் அணை திறக்கும் நாளை எண்ணி வாழ்கிறவர்கள், அணை ஏமாற்றினால் குழாய்க் கிணற்றை நம்பி நாற்று விடுகிறவர்கள், இப்படித்தான் கேட்பார்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பௌடர் ரிவர் படுகையின் மாட்டுப்பண்ணையாளர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே கேட்ட கேள்வியும் அதுதான்.

இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இதை எதிர்த்துப் பேசினார். அந்தப் பிரச்சாரப் பயணத்தின் நடுவே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அவர் உயிர் பிரிந்தது. மாநில அரசு 2013இல் திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு அமைத்தது. 2015இல் திட்டம் வேண்டாம் என்று ஆணையிட்டது. 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. பிறகும் 2023இல், ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் தஞ்சை மாவட்டத்து வடசேரி உட்படப் பழுப்பு நிலக்கரி வயல்கள் மூன்று இடம்பெற்றன. எதிர்ப்பு எழுந்து ஏப்ரலில் அவை நீக்கப்பட்டன. முதலில் வாயு வயலாக வந்தது, சட்டம் வந்தபின் கரி வயலாக வந்தது. நிலம் ஒன்று, பெயர் இரண்டு.

6

இதை எழுதும்போது ஒரு எச்சரிக்கையும் மனத்தில் எழுகிறது. இந்தத் தொழில்நுட்பத்தை முழுவதும் பழிப்பது நேர்மையாகாது. காற்றில் கலந்த மீத்தேன், முதல் இருபதாண்டுகளில் கரியமில வாயுவைப்போல எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது. உலகின் நிலக்கரிச் சுரங்கங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 கோடி டன் மீத்தேனை வெளிவிடுகின்றன என்பது பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீடு. வேலை நடக்கும் சுரங்கத்தில் அதை முன்கூட்டி வடித்தெடுப்பது தொழிலாளியின் உயிரையும் காக்கிறது, பூமிக்கும் நல்லது. ஸோங் யிங்ஷிங்கின் மூங்கில் குழாய்க்கு நேர்வாரிசு அது. அதற்கும், யாரும் வெட்டாத கரிக்கு மேல் பயிர் விளையும் ஊரில் நீரை இறைத்து வாயு தேடுவதற்கும் ஒரே பெயரிட்டு அழைப்பதுதான் பிழை.

கரியமில வாயுவைப் பூட்டிவைப்பதிலோ இன்னொரு நிபந்தனை மறைந்திருக்கிறது. அதைப் பொதுவாக யாரும் உரக்கச் சொல்வதில்லை. வாயுவைப் பூட்டிய அடுக்கை இனி ஒருபோதும் வெட்டக்கூடாது. வெட்டினால் பூட்டியது அத்தனையும் வெளியேறிவிடும். ‘வெட்டத் தகாத நிலக்கரி’ என்று திட்ட அறிக்கைகள் எழுதுகின்றன. தகுதி என்பது விலையையும் கருவியையும் பொறுத்தது. டேவியின் விளக்கு வரும்வரை ஆழத்து அடுக்குகள் வெட்டத் தகாதவையாகத்தான் இருந்தன. விளக்கு வந்தது, ஆட்கள் இறங்கினார்கள். நூறாண்டு கழித்து வருகிறவர்கள் நாம் பூட்டியதைத் திறக்கமாட்டார்கள் என்று அவர்கள் சார்பில் நாம் வாக்குக் கொடுக்கிறோம். எட்டே ஆண்டுகளில் ஒரு வாயு வயல் கரி வயலாகப் பெயர் மாறிய நாட்டில் இருந்துகொண்டு அப்படி வாக்குக் கொடுப்பது எளிதாக இல்லை.

சுரங்கத் தொழிலாளிக்கு இரண்டு ஆவிகளையும் அடையாளம் காட்டியது ஒரே விளக்கு. சுடர் நீலமாக எழுந்தால் ஒன்று, மங்கினால் மற்றது. அவன் தன் கையிலிருந்த சுடரைப் பார்த்தபடியே முன்னேறினான். அது மாறியதும் நின்றான். அந்தச் சுடருக்கு எந்த அமைச்சகமும் தெரியாது, எந்த அகராதியும் தெரியாது. இன்று கிணற்றின் மேலே நிற்பவர்களிடம் அழுத்தமானிகளும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன. மன்னார்குடி விவசாயி குழாய்க் கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்து உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த விளக்கின் எஞ்சிய வெளிச்சம் அந்த உள்ளங்கையில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.